மாமாவுக்கு ஸ்கேன்

"எனக்குத் தெரியாது" என்று இருபத்தாறு வயது வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலிஎலையில் பிறந்து, ஏ.எல். படித்து, லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு, அந்தத் தோட்டப் பாடசாலையிலேயே டீச்சர் வேலையும் கிடைத்தவள் நான். கலியாணமாகி ஒரு மாதத்துக்குள் வரிசையாகக் காம்பரா வீடுகள் ஒட்டிய எங்கள் லயத்தின் வாசல் ஒரு அரசாங்கக் கந்தோர் மாதிரி ஆகிவிட்டது. சிங்களத்தில் வந்த கடிதம், மருந்துப் போத்தலில் ஒட்டிய துண்டு, பிள்ளைக்கு வைக்கப் பெயர், பேசாமல் போன ரேடியோ என்று எல்லாம் என்னிடம்தான் வரும். வந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த முகங்களிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. (மனம் வராது என்பது இப்போது சொல்லும் சாக்கு. உண்மையில் கௌரவம் விடாது.)

மேல் லயத்து அண்ணன் ஒருவர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். பாதிதான் புரிந்தது. மீதிப் பாதியை நானே இட்டுக்கட்டி, "வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்காங்கண்ணே" என்றேன். அவர் தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சாமி கும்பிட்டுப் பதுளைக்குப் போனார். கடிதம் அனுப்பிய கந்தோர் வேறு தெருவுக்கு மாறிவிட்டது என்ற அறிவித்தலாம் அது. பழைய கட்டடத்து வாசலில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. புத்தி வருவதற்கு மாமாவின் கால் வலிக்க வேண்டியிருந்தது.

மாமா என்றால் என் புருஷனின் அப்பா. தோட்டத்தில் கங்காணி. கொழுந்து பறிக்கிற பெண்களை மலையில் நிரை பிரித்து நிறுத்தி வேலை வாங்குகிறவர். ஐம்பத்தேழு வயது, முறுக்கிய மீசை, காதில் எப்போதும் ஒரு பீடி. என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டீச்சர், தேத்தண்ணி இருக்கா?" என்பார். வீட்டுக்குள்ளேயும் டீச்சர்தான்.

மாமாவிடம் தோட்டமே மெச்சிய ஒரு பழக்கம் இருந்தது. மலையேறும்போது இடையிடையே நின்று தேயிலைச் செடியைப் புரட்டிப் பார்ப்பார். இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார், தூரைப் பார்ப்பார், பிறகு மெதுவாக நகர்வார். "கங்காணி கண்ணுல ஒரு பூச்சி தப்பாது" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை கூட ஒருமுறை பெரட்டில், அத்தனை பேரும் காலையில் வரிசையாக நிற்கும்போது, அவரைக் காட்டிப் பாராட்டினாராம். நான் வந்த வருடத்தில் இந்தப் பழக்கம் கூடிக்கொண்டே போனது. தார் ரோட்டில் கடைத்தெருவுக்குப் போகும்போதும் நின்றார். அங்கே செடி இல்லையே, அதனால் மதகைப் பார்த்தார், லைட் கம்பத்தைப் பார்த்தார். (ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கங்காணின்னா எதையாச்சும் பாக்கத்தானே செய்வாரு!)

அப்புறம் அவருடைய இடது கால் பெருவிரலில் கல் தட்டி ஒரு புண் வந்தது. ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சீழ் பிடித்தது. சீழை எங்கள் தோட்டத்தில் சலம் என்போம். தினமும் இரண்டு வேளை நான்தான் துடைத்து மருந்து வைத்துக் கட்டினேன். ஒருநாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மாமி, "இந்தக் காலு மட்டும் ஏன் இப்புடி பச்சத்தண்ணி மாதிரி சில்லுனு இருக்கு?" என்றார்.

"வாயு" என்றார் மாமா.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டுப் பதுளைக்கு அனுப்பினார்கள். அங்கே கிளினிக் டொக்டர் அவருடைய பாதத்தில் விரலை வைத்து நாடியைத் தேடினார். இடம் மாற்றி மாற்றித் தேடினார். பிறகு, காலுக்குப் போகிற ரத்தக் குழாய்கள் ஒடுங்கியிருக்கின்றனவா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் விரலுக்கு என்ன செய்வது என்று சொல்லலாம் என்றார். தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்திருந்தார்கள். அவருக்கும் முதலில் விரல் என்றுதான் சொன்னார்கள். மாமி அன்று சமைக்கவில்லை.

மாமாவுக்கோ வேறு கவலை. "ஸ்கேனா? அது புள்ளத்தாச்சிக்கு எடுக்குறதில்ல? ஆம்பளைக்கு எதுக்கு?"

அப்போது எங்கள் பக்கத்தில் ஸ்கேன் என்றால் அது ஒன்றுதான். இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருடம்தான் ஆகியிருந்தது. மலையில் யாராவது ஸ்கேனுக்குப் போகிறாள் என்றால் எத்தனை மாசம் என்றுதான் கேட்பார்கள்.

"இது கால் ஸ்கேன் மாமா. வேற மெஷின்" என்றேன், எல்லாம் தெரிந்தவளாக. (ஒரே மெஷின்தான் என்று பிறகு தெரிந்தது.)

என் புருஷன் கொழும்பில் கடையொன்றில் வேலை. அதனால் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு என்னுடையது. விடிந்ததும் பஸ் ஏறி, பசறை வளைவுகளில் சுற்றிப் பதுளையில் இறங்கினோம். வாரத்துக்கு ஒருநாள் வெளியூரிலிருந்து டொக்டர் வந்து ஸ்கேன் பார்க்கும் இடம் அது. உள்ளே நீள பெஞ்சில் வரிசையாகப் பிள்ளைத்தாச்சிப் பெண்கள். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. மாமா மீசையோடு போய் அதில் உட்கார்ந்தார்.

பக்கத்திலிருந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எத்தனை மாசம்?"

"எனக்கில்லங்க. மாமாவுக்கு."

பெஞ்ச் குலுங்கிச் சிரித்தது. மாமா கூரையில் சிலந்தி வலை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் ஒரு நர்ஸ் வந்து பெஞ்சின் ஒரு தலையிலிருந்து மறுதலை வரை கையை வீசி, சிங்களத்தில் மளமளவென்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் வயிறு நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஒன்றுக்குப் போகாமல் அடக்கி வைத்திருங்கள் என்று. எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், யாருக்குச் சொன்னார், எதற்குச் சொன்னார் என்று யோசிக்கவில்லை. மூலையிலிருந்த ஃபில்டரில் தண்ணீர் பிடித்து மாமாவிடம் நீட்டினேன்.

"எனக்குத் தாகமில்ல டீச்சர்."

"தாகத்துக்கில்ல மாமா. தண்ணி குடிச்சாத்தான் ரத்தக் குழாய் விரிஞ்சு, ஸ்கேன்ல தெளிவாத் தெரியும்."

இதை நான் எங்கும் படித்ததில்லை. அந்த நிமிடத்தில் நானே கண்டுபிடித்தது. ஐந்தாம் வகுப்புக்குச் சுற்றாடல் பாடம் எடுக்கிற துணிச்சலில், நெல் வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுவதை உதாரணம் காட்டியும் விளக்கினேன். மாமா தலையாட்டினார். குடித்தார். ஒரு டம்ளர், இரண்டு, மூன்று. ஆறு டம்ளர். நான்காவதில் "போதுமே" என்றார். "இடது காலுக்கும் போகணுமில்ல?" என்றேன்.

எங்கள் முறை வர இரண்டு மணித்தியாலம் ஆனது. நடுவில் மாமா இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் உட்கார வைத்தேன். "இவ்வளவு நேரம் பொறுத்துட்டீங்க, இப்ப போனா எல்லாம் வீணாப் போயிடும்." தொடையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பயம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே டொக்டர் ஓர் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். "வாங்கோ ஐயா, இதில ஏறிப் படுங்கோ. சாரத்தைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கோ. வயித்திலயிருந்துதான் தொடங்கோணும். காலுக்குப் போற ரத்தக் குழாய் அங்கயிருந்துதான் இறங்குது" என்றார். மருமகள் பார்க்கக்கூடாது என்று என்னைத் திரைக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள். சில்லென்ற களியைப் பூசி, கருவியை அடிவயிற்றில் வைத்து அழுத்தியிருப்பார். மாமா "ஹா" என்று ஒரு சத்தம் விட்டார்.

டொக்டரின் குரல் மாறியது. "என்ன இது, இவ்வளவு முட்டி நிக்குது! ஐயா, சலம் போறதில்லையோ?"

யாழ்ப்பாணத்தில் சலம் என்றால் மூத்திரம். எங்களுக்கு அது சீழ். இது அந்த அறையில் இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

"அது நேத்தோட நின்னுருச்சுங்க" என்றார் மாமா, கொஞ்சம் பெருமையாகவே.

"நேற்றையோட நிண்டிட்டுதோ! ஏன் முதலே சொல்லேல்லை?"

இந்த இடத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். திரைக்குப் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னேன்: "ஆமாங்க டொக்டர், நேத்துல இருந்து ஒரு சொட்டு வரல. நான்தான் தினமும் ரெண்டு வேளை தொடச்சு மருந்து வைக்கிறேன்."

டொக்டர் திரைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"நீங்கள் ஆர்?"

"மருமகளுங்க."

"மருமகளோ?" என்றார் டொக்டர். அந்த ஓகாரம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, உடனே ஒரு குழாய் போட்டு எடுக்க வேண்டும் என்றார்.

எங்கே போடப்போகிறார்கள் என்று மாமாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. கட்டிலிலிருந்து குதித்து, கட்டியிருந்த சாரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, திரையை விலக்கி வந்தார். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"பயப்படாதீங்க மாமா! குழாயப் பாக்கத்தானே வந்தோம்? மலையில அத்தனை பேரை மேய்க்கிறவரு, நீங்களே இப்புடி ஓடினா எப்புடி?"

"டீச்சர், வழிய விடு."

"ரெண்டே நிமிசம் பல்லக் கடிச்சுக்கிட்டு..."

"டீச்சர்!" மாமாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. "நீ குடுத்த ஆறு டம்ளருமா!"

டொக்டர் எழுந்து வந்தார். "என்ன ஆறு டம்ளர்?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். வாய்க்கால் உதாரணத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. கதவைத் திறந்துவிட்டு, "நேரே போங்கோ ஐயா, கடைசிக் கதவு" என்றார்.

நீளமான நடைவழி அது. இரண்டு பக்கமும் பெஞ்சுகள். மாமா வேகமாகத்தான் போனார். இருபது, இருபத்தைந்து எட்டு வைத்திருப்பார். நின்றுவிட்டார்.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிற படம், கீழே சிங்களத்தில் நாலு வரி. மாமாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, அந்த எழுத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பெஞ்சிலிருந்த பெண்கள் மறுபடி சிரித்தார்கள். பின்னாலேயே போன எனக்கு எரிச்சல் வந்தது. இந்த நேரத்திலா?

அப்புறம்தான் அவருடைய காலைப் பார்த்தேன். இடது பாதம் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. கெண்டைக்கால் இறுகிக் கிடந்தது. மீசை நுனியில் வேர்வை. ஆறு டம்ளர் தண்ணீரை அடக்கிக்கொண்டு ஓடுகிற மனிதர், வாசிக்கத் தெரியாத எழுத்துக்கு முன்னால் ஏன் நிற்கிறார்?

மலையில் அவர் பார்த்த செடிகள், மதகு, லைட் கம்பம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவர் ஒருநாளும் எதையும் பார்க்கவில்லை. கால்வலி விடும்வரை நின்றிருக்கிறார். நிற்கும்போது கங்காணியாகத் தெரிய வேண்டும் என்று எதையாவது பார்த்திருக்கிறார்.

ஒரு நிமிடம் கழித்து மாமா மறுபடி நடந்தார். கடைசிக் கதவுக்குப் போய்விட்டார்.

டொக்டர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் கிளினிக் துண்டு. "நடக்கிறதில பிரச்சினை இல்லை எண்டு இதில எழுதிக் கிடக்கு. ஆர் சொன்னது?"

நான்தான். கிளினிக்கில் மாமாவிடம் கேட்ட கேள்விக்கு நான் முந்திக்கொண்டு, "தினமும் மலையேறுறாருங்க, நடையில ஒரு குறையும் இல்ல" என்று சொல்லியிருந்தேன்.

மாமா வேறு ஆளாகத் திரும்பி வந்தார். மறுபடி படுத்தார். இந்த முறை டொக்டர் திரையை விலக்கச் சொல்லி, என்னைக் கட்டிலின் தலைமாட்டில் உட்கார வைத்தார். மெஷினின் திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ ஓடியது. வலது காலில் கருவியை வைத்தபோது சத்தம் வந்தது. துணி துவைக்கிற மாதிரி, பளார் பளார் என்று நல்ல அடி. இடது தொடைக்கு வந்ததும் அது ஒரு சீறலாக மாறியது. கணுக்காலில் மெல்லிய ஊதல்தான். கதவிடுக்கில் காற்று வருமே, அந்த மாதிரி.

"கேக்குதே ஐயா? அதுதான் உங்கட ரத்தம் போற சத்தம். இந்த இடத்தில குழாய் ஒடுங்கிப் போச்சு. முழுசா மூடேல்லை." பிறகு என்னைப் பார்த்தார். "நடக்கேக்க எவ்வளவு தூரத்தில நிக்கிறவர்?"

என் வாய் வழக்கம்போலத் திறந்தது. மூடினேன். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். முதல் தடவை அது. சொல்லி முடித்ததும் காது சுட்டது.

மாமா கூரையைப் பார்த்தபடியே பேசினார். "ஏத்தத்துல நாப்பது செடிங்க டொக்டர். நாப்பதாவது செடிக்கு மேல கால் வராது. தைப்பொங்கலுக்கு அறுபது போனேன். அதுக்கு முந்தின வருசம் முழு நிரையும் போவேன்."

எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருவருக்கும் சொல்லாமல், ஒவ்வொரு நாளும். டொக்டர் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று கேட்டு, கணக்குப் போட்டு எழுதிக்கொண்டார். "ஏன் ஐயா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நிக்கிற கங்காணிய மலையில வச்சிருப்பாங்களா?"

டொக்டர் கருவியை எடுத்து வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். விரல் தப்பும் என்று தனக்குப் படுகிறது, கிளினிக்கில்தான் முடிவு சொல்வார்கள். தினமும் குளிசை விழுங்குவது கட்டாயம். பீடியை விட்டே ஆக வேண்டும். புண் ஆறினதும் ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும். "நோகத் தொடங்கினா நில்லுங்கோ. விட்டதும் திரும்ப நடவுங்கோ. அதுதான் வைத்தியம்."

"நிக்கலாங்களா?" என்றார் மாமா.

"நிக்கத்தான் வேணும்."

இதைக் கேட்டதும் மாமா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இரண்டு தடவை நின்றார். நானும் நின்றேன். இரண்டாவது தடவை சொன்னார், "டீச்சர், நடுவுல நின்னத வீட்டுல சொல்ல வேணாம்."

"சொல்லல மாமா."

அவர் எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்று யோசித்தபடியே வந்தேன். அதை லயத்துக்குள் கால் வைத்ததுமே காட்டிவிட்டார். மாமி, "டொக்டர் என்ன சொன்னாங்க? எடுக்கணுமாமா?" என்று நடுங்கிக்கொண்டு வந்தபோது, "எடுக்க வேணாமாம். அத விடு, உன் மருமக என்னை என்ன பண்ணுனா தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பிள்ளைத்தாச்சி பெஞ்ச், ஆறு டம்ளர், வாய்க்கால், சலம், கதவை மறித்தது என்று நடித்தே காட்டினார். மாமி அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் அடுப்படியில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். அவர் அவ்வளவு நன்றாகச் சொன்னதால், காலைப் பற்றி அன்று ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. என் மானத்தை எடுத்துத் தன் மானத்தைப் போர்த்திக்கொண்டார் என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. போர்த்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

விரல் தப்பியது. ஆற நாலு மாதம் ஆனது. பீடி போனது. (ஒருமுறை கோழிக்கூட்டுக்குப் பின்னால் புகை வந்தது. கோழி குடித்திருக்கும் என்றார்.) டொக்டர் தந்த கடிதத்தைத் துரையிடம் கொடுத்தார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றபடி பார்க்கும் வேலை கொடுத்தார்கள். துரைதான் தன்னைக் கேட்டு வாங்கிக்கொண்டதாக ஊரில் சொன்னார். மேலும் பல வருடம் இருந்து, இரண்டு காலோடும் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் குடும்பத்தில் இப்போதும் யாருக்காவது ஸ்கேன் என்றால், "டீச்சரைக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எதையாவது கேட்டால் நான் "தெரியாது, பாத்துச் சொல்றேன்" என்கிறேன். முதலில் அதிசயமாகப் பார்த்தார்கள், பழகிவிட்டது.

மாமிக்கு எழுத்து வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் நடுவில் நின்றதை இங்கே எழுதுகிறேன். கலியாண வீடோ காதுகுத்தோ, நாலு பேர் கூடினால் மாமி இந்தக் கதையை எடுத்துவிடுவார். சொல்லச் சொல்லத் தண்ணீர் கூடிக்கொண்டு போகிறது. போன வைகாசியில் பதினாலு டம்ளர். மாமி சொல்கிற கதையில் மாமா அந்த அறையிலிருந்து பாய்ந்து வெளியே வந்து, பெஞ்சிலிருந்த பொம்பளைகள் எல்லாம் எழுந்து வழிவிட, சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைசி வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடுகிறார். "எம்மனுசன் என்னா ஓட்டம் ஓடியிருக்காரு!" என்பார்.

டம்ளர் கணக்கை மட்டும் திருத்துவேன். ஓட்டத்தை நான் திருத்துவதில்லை.